ஊரிகத்தில் ஒரு பாவாடைதான் இருந்தார்

அன்றைக்கு இடுகாட்டில் இருந்தவர்கள் இவர்கள்: மகன் குணசேகரன். பெங்களூரிலிருந்து காரில் வந்த அவன் மச்சினன்மார் ரகு, தினேஷ். குணசேகரனோடு வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் ஒருவர், பெயர் தெரியாது. வண்டி ஓட்டி வந்த பாஷா. குழி வெட்டிய மாரி. கடைசியாக எங்கள் லைன் வேலு. வேலுவும் சாவுக்கு வந்தவர் இல்லை. தன் பெண்சாதி சமாதியில் முளைத்த முள்ளைப் பிடுங்க வந்தவர்.

இத்தனை பேர்தான். ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் எந்தச் சாவானாலும் முதல் ஆளாக வந்து பாடைக்கு மூங்கில் வெட்டியவர் பாவாடை அண்ணன். அவரை இறக்கப் பழக்கப்பட்ட தோள் இல்லாமல், குழி வெட்டியவனே மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒரு பக்கம் பிடித்தானாம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கம் பாதிதான். மீதி என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள் நான். ஞாபகத்தை விடவில்லை.

சாவுச் செய்தி எங்கள் லைனுக்கு வராமல் இல்லை. காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். “ஊரிகத்தைச் சேர்ந்த திருவாளர் பி. ராயன் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஆட்டோ அடுத்த லைனான பாலகாட் பக்கம் திரும்பிவிட்டது.

“யாரு அத்தை ராயன்?” என்றாள் என் மருமகள்.

“எனக்கின்னா தெரியும். ஃபேக்டரி ஆபீசரு யாராவது இருப்பாரு. பாவம்” என்று சொல்லிவிட்டுக் கீரையைக் கழுவ எழுந்தேன்.

பஸ் நிற்கிற இடத்தில் படம் போட்ட தாளும் ஒட்டியிருந்தார்கள். அதையும் பார்த்தேன். கோட்டு, டை, கறுகறுவென்று தலைமுடி. பாவாடை அண்ணன் பிறந்ததிலிருந்து கோட்டுப் போட்டதில்லை. ஸ்டுடியோவில் யாருடைய உடம்பிலோ அவர் தலையை வெட்டி ஒட்டி, வெள்ளை முடிக்கு மையும் அடித்திருக்கிறார்கள். எனக்குக் கண்ணில் புரை வேறு. மினிஸ்டர் மாதிரி இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் வேலு வந்தார். கால் முழுக்கச் செம்மண்.

“இன்னா குப்பம்மா, இங்க குந்தினுகீற? பாவாடைய பொதச்சிட்டு வரேன்.”

“எந்தப் பாவாடை?”

“எந்தப் பாவாடையா? ஊர்ல எத்தினி பாவாடை கீறான்?”

அப்போதுதான் காலையில் ஆட்டோ சொன்னது யாரை என்று எனக்கு உறைத்தது.

அவரைத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். குடியாத்தம் பக்கம் அவர் அம்மாவுக்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தன. அங்காளம்மன் கோயிலில் காவலுக்கு நிற்கும் பாவாடைராயனிடம், இது நின்றால் உன் பேரை வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை நின்றது. அது சாமியிடம் வாங்கிய உயிர், சாமி கொடுத்த பேர். பொம்பளைத் துணியின் பேரைப் போய் யாராவது ஆம்பளைக்கு வைப்பார்களா, எழுதும்போது கை தவறியிருக்கும் என்று இப்போது படிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். கை தவறவில்லை. ஒரு தாய் தவறவிடாமல் பிடித்துக்கொண்ட பிள்ளை அவர்.

சுரங்கத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர், அவரை வரிசையில் நிற்க வைத்து எல்லார் முன்னாலும் கேட்டாராம்.

“இது பேராய்யா, துணியா?”

“துணிதான் சார். அது இல்லாட்டி எல்லாரும் அம்மணமா இல்ல நிக்கணும்?”

அந்த ஷிப்டு முழுக்கச் சிரித்துக்கொண்டே சுரங்கக் கூண்டில் இறங்கியது என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். நாங்களும் அவரை விட்டோமா? கொடியில் காய்ந்த துணி காற்றில் பறந்தால் லைன் பெண்கள் வேண்டுமென்றே, “ஐயோ, பாவாடைய காணோமே!” என்று கத்துவோம். “உள்ள கஞ்சி குடிச்சினுகீறேன், தேடாதீங்க” என்று அவர் வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அவர் பெண்சாதி சரோஜா அண்ணி துடைப்பத்தோடு வெளியே வருவாள். நாங்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவோம். அது வேறு சிரிப்பு. அதில் அவரும் இருந்தார்.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்த நாள் ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஆபத்துச் சங்கு ஊதியதும் லைனே, கூண்டு ஏறி இறங்குகிற ஷாப்டு வாசலுக்கு ஓடியது. உள்ளேயிருந்து வந்த யாரோ, “முனிசாமி போயிட்டான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் பெயர் முனிசாமி. அந்த ஷிப்டில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர். மூன்று வீட்டுப் பெண்களும் மண்ணில் விழுந்து அழுதோம். எந்த முனிசாமி என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த கூண்டில் பாவாடை அண்ணன் ஏறி வந்தார். முகமெல்லாம் தூசி. நேராக என்னிடம் வந்து, “எழுந்திரு தங்கச்சி. உன் ஆளு பின்னால வந்துனுகீறான்” என்றார். அடுத்தவளிடமும் அப்படியே சொன்னார். மூன்றாவது பெண் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

செத்த முனிசாமியின் காரியம் முடிந்த அன்று எங்கள் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: “எம் பேரு நல்ல பேரு தங்கச்சி. நான் போனா எங்க வூட்ல மட்டும்தான் அழுவாங்க. தப்பா இன்னொரு வூட்ல அழ மாட்டாங்க. பாவாடைன்னு ஒரு கொரல் போதும், ஊரிகமே வந்துடும்.” அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அந்த ஒரு குரல்.

குணசேகரனும் எங்கள் லைனில் வளர்ந்த பிள்ளைதான். பள்ளியில் “பாவாடை நாடா” என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வருவான். அவன் கண்ணீரை என் முந்தானையில் துடைத்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. பெரிய படிப்புப் படித்தான், பெங்களூரில் பெண் எடுத்தான். கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் “பி. ராயன்” என்று வந்தது. அண்ணன் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார். “ஏ சரோஜா, யாருடி இந்த ராயன்? எனக்குத் தெரியாம எப்ப வந்தான்?” அண்ணி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பத்திரிகையை அவர் கையால் ஒரு வீட்டுக்கும் கொடுக்கவில்லை. அண்ணியைத்தான் அனுப்பினார்.

அண்ணி போன பிறகு மகன் பக்கத்து டவுன் ராபர்ட்சன்பேட்டையில் வீடு கட்டி அவரை அங்கே வைத்துக்கொண்டான். வேளைக்குச் சோறு போட்டான், மருந்து வாங்கினான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

வேலு வந்து சொன்ன அன்றைக்கு, விளக்கு வைத்த நேரம். நான் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை நடந்தேன். “பாவாடை அண்ணன் போயிட்டாருங்க!” என்று ஒவ்வொரு வாசலிலும் கத்தினேன். கதவு கதவாகத் திறந்தது. கோலை ஊன்றிக்கொண்டு வந்தவர்கள், சாப்பிட்ட கையோடு வந்தவர்கள், மூச்சிரைப்பு மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். “எப்ப எடுக்கறாங்க?” என்று எல்லாரும் அதையே கேட்டார்கள். எடுத்தாகிவிட்டது என்று வாசலுக்கு வாசல் நான் சொன்னேன். பெயர் சொன்னதும் ஊரே வந்தது. அவர் சொன்னது பொய்யாகவில்லை. குரல்தான் ஒரு பொழுது பிந்திவிட்டது.

மறுநாள் பால் தெளிக்க லைனே போனது. பொம்பளைகள் வரக்கூடாது என்று எவனோ முனகினான். நான் காதில் வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து மச்சினன் தினேஷ், “யாரு மாமா இவங்கெல்லாம்?” என்று குணசேகரனைக் கேட்டான்.

“ஏண்டா குணா, ஒங்கப்பா பேரு இன்னா?” என்றேன்.

“அத்தை, இங்க வேண்டாம்.”

“இங்கதான் வேணும். பொதச்சது இங்கதானே?”

“மாமனார் வீட்டுக்காரங்க, ஆபீஸ்காரங்க எல்லாம் பாக்கிற போஸ்டர் அத்தை. அந்தப் பேரைப் போட்டா சிரிக்க மாட்டாங்களா? நான் சின்ன வயசுல பட்டது போதாதா?”

“ஒன்ன பாத்துச் சிரிச்சாங்க, சரி. அவர பாத்தும்தான் சிரிச்சாங்க. அவரு பேர தூக்கிப் போட்டாரா? தோள் குடுக்க லைன் ஆளுங்க நாலு பேர் இல்லாம பண்ணிட்டியேடா! யாரோ ராயனுக்கு மைக் கட்டின. அப்பனுக்கு எங்கடா கட்டின?”

அவன் கண் கலங்கியது. மன்னித்துவிடலாமா என்று ஒரு நொடி எனக்கு இருந்தது. அப்போதுதான் சொன்னான்:

“ஒங்க பேரே குப்பம்மா. ஒங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்? கல்லுலயும் ராயன்னுதான் போடப் போறேன்.”

வேலு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கல்லும் நட்டாயிற்று. கறுப்புக் கல், தங்க எழுத்து, திருவாளர் பி. ராயன். அதன் முன்னால் நின்று அழ எனக்குத் தெரியவில்லை. அந்த ஆளை எனக்குப் பழக்கமில்லை.

ஊரிகம் லைனில் இருந்து வேலூருக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனவர்களே, இதைப் படிக்கிறவர்களே, அந்தப் போஸ்டர் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். யாரோ என்று தள்ளிவிட்டிருப்பீர்கள். அது யாரோ இல்லை. இறந்தது நம் பாவாடை. ஷாப்டு வாசலில் உங்கள் அம்மாக்களை மண்ணிலிருந்து எழுப்பியவர். இப்போதாவது அழுங்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பெயரைக் கூப்பிடும் குரல். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது வாய்விட்டு ஒரு தடவை கூப்பிடுகிறேன். தெருவில் போகிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். என் வீட்டிலும் சொல்லிவைத்துவிட்டேன்: நான் போனால் ஆட்டோவில் குப்பம்மா என்று முழுதாக, சத்தமாகச் சொல்ல வேண்டும்.

சரோஜா அண்ணியின் சாவுக்கு வராத அவள் தம்பியை மன்னித்துவிட்டேன். அந்தக் குமாஸ்தாவையும் மன்னித்துவிட்டேன், அவர் வெளியூர்க்காரர். ஒருவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவன் பெயரை அவன் எழுதுகிற மாதிரி, ராயன் மகன் என்று எழுத மாட்டேன். எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதுகிறேன்: பாவாடை மகன் குணசேகரன்.