நிதானமா வா என்றார்கள்

சினிமாவில் ஊருக்குத் திரும்புகிறவனுக்கு எப்போதும் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிடுகிறது. அவன் தலையை வெளியே நீட்டுகிறான், வயல்கள் ஓடுகின்றன, புல்லாங்குழல் வருகிறது. அவன் மடியில் யாரும் பையை வைப்பதில்லை. கவிஞர்களோ பஸ்ஸிலேயே ஏறுவதில்லை. நேராக ஊர் எல்லையில் இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளி, இதற்கு என்னைத் தெரியும் என்று எழுதிவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தக் கவிதைகளை வகுப்பில் உருகி உருகி நடத்தியிருக்கிறேன். இப்போது அந்தப் பாடம் வந்தாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குப் பக்கத்தில். அப்பா இல்லை. அம்மா தனியாக இருந்தாள். பக்கத்து வீட்டில் சித்தப்பாவும் சித்தியும். தம்பி துபாயில். ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். அம்மாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"அவசரப்படாத. காலையில சாப்புட்டுட்டு நிதானமா வா."

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் போன் அணைந்திருந்தது. வேலையில் இருப்பான் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும் என்று கழுத்து இறுக்காத புது நைட்டி இரண்டு வாங்கினேன். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். நிதானமாகத்தான் கிளம்பினேன்.

திருச்சி பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது மூன்று பேர் இருக்கையின் நடு இடம். முன்னால் டிவியில் படம் போட்டார்கள். ரொம்ப வருஷம் கழித்து ஊருக்கு வருகிற மகன். அங்கே சாகக் கிடக்கிற தாய். அவன் வருகிறவரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்கிறாள், ஒரு வார்த்தை பேசுகிறாள், போகிறாள். பஸ்ஸே மூக்கை உறிஞ்சியது. நானும் அழுதேன். யாரோ ஒரு தயாரிப்பாளர் பெற்றெடுத்த தாய்க்காக அழுதேன்.

கரூர் தாண்டி அம்மாவின் செல்லுக்குப் போன் செய்தபோது சித்தி எடுத்தாள். அம்மா தூங்குகிறாள் என்றாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். ஆஸ்பத்திரி என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் இறங்கியபோது எங்கள் ஊர் ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டார். ஊருக்குள் திரும்புகிற முக்கில் ரோட்டில் பூ கிடந்தது. செவ்வந்தி இதழ்கள், பிய்த்தெறிந்த மாலைகள், இன்னும் வாடாமல். யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது, யார் என்று கேட்டேன். அவர் வேகத்தைக் கூட்டினார். பூவின் மேலேயே ஆட்டோ போனது. எங்கள் வீட்டு வாசல்வரை பூ கிடந்தது.

இறங்கி ஓடினேன். பந்தல் இருந்தது, நாற்காலிகள் கிடந்தன, ஐஸ் பெட்டி காலியாக இருந்தது. வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு ஓலமிட்டார்கள். அம்மா முந்தின நாள் மத்தியானமே போய்விட்டாள். தம்பிக்கு உடனே தெரிவித்திருக்கிறார்கள்; அவன் காலையில் திருச்சியில் இறங்கி, காரில் வந்து சேர்ந்துவிட்டான். கடல் தாண்டி இருந்தவனுக்கு உண்மை, கோயம்புத்தூரில் இருந்தவளுக்கு நிதானம்.

தூக்கிக்கொண்டு போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்று ஒருத்தி சொன்னாள். சுடுகாடு கண்மாய்க் கரையில்தான், ஓடினால் எட்டிவிடலாம். ஓடப் பார்த்தேன். சித்தி இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். பொம்பளை அங்கிட்டுப் போகக் கூடாது என்றாள். நான் அவள் கையைக் கடித்தேன். அப்போதும் விடவில்லை. பெற்ற மகள் போட வேண்டிய வாய்க்கரிசி, தட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் கத்தினேன்.

சித்தப்பா ஈர வேட்டியோடு திரும்பி வந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தனியாக வருகிற பொம்பளைப் பிள்ளை, நடுவழியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றார். எங்கள் பக்கம் அப்படித்தான். தூரத்தில் இருக்கிற பெண்ணுக்குச் சாவைச் சொல்ல மாட்டார்கள், உடம்பு சரியில்லை என்றுதான் சொல்வார்கள். அது பாசமாம். சரி, ஒரு மணி நேரம் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் குரலில் கோபமே இல்லை.

"கொள்ளி வைக்கிற மகன் வந்துட்டான். அப்புறம் யாருக்காக வச்சிருக்கிறது?"

மொட்டையடித்த தலையோடு தம்பி என் காலடியில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், வர முடியவில்லை என்று நான் சொன்னதாகவும் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் சாவுக்கும் வீடியோ எடுக்கிறார்கள். ஒரு கேமரா சுடுகாட்டுக்குப் போயிருக்கிறது, இன்னொன்று வீட்டில் நின்றிருக்கிறது. கருமாதி முடிந்ததும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். அம்மாவின் முகத்தை அதில்தான் பார்த்தேன். நெற்றியில் காசு, வாயில் அரிசி. அதற்கு அடுத்து நான் வருகிறேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, தலைமுடி அவிழ்ந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓடி வருகிறேன். பின்னால் ஒரு சோகப் பாட்டு. அதற்கும் அடுத்துத்தான் பாடையைத் தூக்குகிறார்கள்.

வீடியோக்காரரைக் கூப்பிட்டு, வரிசை மாறியிருக்கிறதே என்றேன். தெரிந்துதான் மாற்றினேன் என்றார்.

"அப்படி வச்சாத்தாங்க பாக்குறவங்களுக்கு மனசு ஆறும்."

ஆறத்தான் செய்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா மகள் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாள். நல்லவேளைக்கா, கடைசி நேரத்தில் ஓடி வந்து பெரியம்மா முகத்தைப் பார்த்துவிட்டாய் என்றாள். அவளிடம் ஆமாம் என்று சொன்னேன்.