நடந்துகொண்ட விதம்

எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவியை நினைத்தால் முதலில் என் கண்ணில் வருவது அவருடைய கொண்டையில் செருகியிருக்கும் பென்சில். எழும்பூரில் பழைய அரசாங்கக் காகிதங்களை வைத்திருக்கும் கட்டிடத்துக்குள் பேனா கொண்டுபோக முடியாது. பென்சிலால்தான் குறிப்பெடுக்க வேண்டும். மேடம் ஒரு கட்டைப் படித்து முடித்ததும் பென்சிலைக் கொண்டையில் குத்திக்கொண்டு அடுத்த கட்டை அவிழ்ப்பார். அப்புறம் அதை மறந்துவிடுவார். தாம்பரம் திரும்பும் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி முழுக்க அந்தப் பென்சிலைப் பார்த்துக்கொண்டு வரும். ஒருமுறை ஞாயிறு ஆராதனைக்கே அதோடு போய்விட்டதாகவும், பாடகர் குழுவில் பின்வரிசைப் பெண் உருவிக் கொடுத்ததாகவும் அவரே சொல்லிச் சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர் பொய்யாக இருக்கமாட்டார் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். அப்படியெல்லாம் ஒரு விதி கிடையாது.

நான் தமிழ்த் துறையில் இருந்தேன். மேடம் போதகர் வீட்டுப் பெண். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுதினால் மட்டும் பிரசங்கம் போல இருக்கும். தன் ஆராய்ச்சியைத் தமிழில் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார். ஆறு வருஷம், அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் அவரோடு எழும்பூர் போனேன். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி எப்போதும் மேடத்தின் தாள்கள்தான். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீசன் டிக்கெட்டா எடுத்துடலாம் போல" என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. முப்பத்தெட்டு வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணின் மேல் இவ்வளவு மரியாதை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் தேடியது தூரத்துச் சங்கதி ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் பரங்கிமலை. விக்டோரியா ராணியின் காலத்தில் அங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தது. சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கிடையாது. ஆகவே அவர்களுக்காகக் கடைத்தெருவில் சில பெண்களை அரசாங்கமே பதிவு செய்து வைத்தது. பெயர் எழுதிக் கையில் ஒரு சீட்டும் கொடுத்தது. குறித்த நாளில் அந்தப் பெண்கள் டாக்டர் முன்னால் போய்ப் படுக்க வேண்டும். நோய் இருந்தால் குணமாகும்வரை வெளியே விடாத ஓர் ஆஸ்பத்திரி. லாக் ஆஸ்பத்திரி என்று பெயர். நோயைக் கொண்டுவந்த சிப்பாயை அப்படிச் சோதிப்பதில்லை. சோதித்தால் அவனுடைய சுயமரியாதை கெட்டுவிடுமாம். இதே வருஷங்களில்தான், இந்த நாட்டுப் பெண்களுக்கு ஒழுக்கம் போதாது, அதைக் கற்றுக்கொடுக்கத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்று அவர்களே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒழுக்கம் இல்லாதவர்களை ஒழுக்கம் உள்ளவர்கள் ஆளலாம் என்பது அவர்களுடைய நியாயம். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் அந்த நியாயத்தை அப்படியே வாங்கித் தங்கள் வீட்டுப் பெண்கள் தலையில் வைத்தார்கள் என்பது மேடத்தின் புத்தகத்தில் கடைசி அத்தியாயம்.

அவருடைய வகுப்பை நான் ஒருமுறை வாசலில் நின்று கேட்டேன். கரும்பலகையில் 'நடத்தை கெட்டவள்' என்று எழுதினார். பிறகு கடைசி எழுத்தை மட்டும் விரலால் அழித்துவிட்டு 'ன்' போட்டார். "படிங்க. யாராவது யாரையாவது இப்படிச் சொல்லி எப்பவாவது கேட்டிருக்கீங்களா?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கப்பா. இந்த ஒரு எழுத்து மேலதான் ஒரு எம்பயரே நின்னுச்சு" என்றார். இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு எழுத்து அதுவரை உறுத்தியதே இல்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

புத்தகம் முடியும் தறுவாயில் ஆங்கிலத் துறைக்கு ஒரு பெண் கெஸ்ட் லெக்சரராக வந்தாள். பள்ளிக்கரணையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். கணவனைப் பிரிந்துவிட்டாள், நான்கு வயது மகள் கூட இருந்தாள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி அவளுக்கு. இரண்டாம் நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டாள். ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். கேட்டபோது போனை என் முன்னால் வைத்தாள். கணிதத் துறையின் மூத்த பேராசிரியர் அனுப்பிய செய்திகள். அவர் நிர்வாகத்துக்கு மிக வேண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்று மட்டும்தான் சொல்லுவோம். முந்தைய நாள் கையெழுத்து வாங்கப் போனவளை, கதவைச் சாத்திவிட்டுத் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

புகார் எழுதிக் கொடு என்றேன். அவள் பயந்தாள். "வேலை போனா போகட்டும்க்கா. கோர்ட்ல இதை வச்சு என்னைத் தப்பா பேசினா பாப்பாவை வாங்கிடுவாங்க" என்றாள். கல்லூரியில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் கமிட்டிக்கு மேடம்தான் தலைவி. நான் ஓர் உறுப்பினர். அந்த தைரியத்தில், "மேடம் இருக்காங்கம்மா. இந்த விஷயத்துல அவங்களுக்குத் தெரியாதது இல்ல. நானும் இருக்கேன். உன் பேருக்கு ஒரு குறையும் வராது" என்று சொன்னேன். மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதிக் கொண்டுவந்தாள். அதில் இருந்த ஒற்றுப்பிழைகளைக்கூட நானே திருத்திக் கொடுத்தேன்.

விசாரணையன்று நான் நடந்ததைக் குறித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மேடம் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ஹஸ்பெண்ட் கூட இல்லையா? எவ்ளோ நாளா?" பேனா நின்றுவிட்டது. சட்டத்துக்காக ஏதோ கேட்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எழுதினேன். சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க? ரூமில் வேறு யார் வருவாங்க? சார் முதலில் குட்மார்னிங் அனுப்பினபோது ஏன் சிரிக்கிற பொம்மை போட்டீங்க? கையெழுத்துக்கு ஒரு ஸ்டூடன்டைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே? அவள் பதில் சொல்லச் சொல்லச் சிறுத்துக்கொண்டே போனாள். அப்புறம் சார் வந்தார். மேடம் எழுந்து நின்றார். எங்கள் ஆபீஸ் ஆயாவைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். ஆயா என்னிடம் குனிந்து, "இன்னாக்கா இது, அந்தப் பொண்ணு அழுதுகினு போவுது, ஒரு வாய் தண்ணி குடுக்கல. சாருக்கு மட்டும் டீயா?" என்றார். நான் தாளைத் திருப்பினேன். பிற்பாடு பார்த்தால் அவளிடம் கேட்ட கேள்விகள் ஐந்து பக்கம் வந்திருந்தன. சாரிடம் கேட்டது அரைப் பக்கம்.

கமிட்டியில் மற்ற இரண்டு பேரும் தலையாட்டுகிறவர்கள். "முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும் சேதம் சேலைக்குத்தானே" என்றார் ஒருவர், ஏதோ பெரிய ஞானத்தைச் சொல்வது போல. மேடம் அதை மறுப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். சார் இனிமேல் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார். புகார் கொடுத்தவரின் நடத்தையும் சந்தேகத்துக்கு இடம் தருவதாக இருந்திருக்கிறது. நிர்வாகத்தின் செயலாளர் எதையும் தமிழில்தான் படிப்பார். அதனால் தமிழ் நகல் எழுதும் வேலை, வழக்கம் போல, என்னிடம் வந்தது.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அந்த வரிக்கு வந்ததும் நான் எழுதாமல் நிறுத்தினேன். "மேடம், இது தமிழ்ல நடத்தைன்னு வருது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். இப்போது புரிந்துவிட்டது, வரியையே அடித்துவிடுவார் என்று எனக்கு உயிர் வந்தது. "கரெக்ட். நடத்தைன்னு போடாதீங்க. அது ரொம்ப லோடட் வேர்ட். 'நடந்துகொண்ட விதம்'னு போடுங்க. சாஃப்டா இருக்கும்" என்றார்.

என் நெஞ்சில் அன்றைக்கு ஏதோ அறுந்தது. அவருக்குத் தெரியாமல் நடந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். சண்டை போட்டுப் புரியவைத்திருப்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லின் எடை என்ன, அது எந்தக் காலத்துக் காகிதத்திலிருந்து வருகிறது, எப்படி வேலை செய்கிறது என்று இந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த அறிவை எடுத்துத்தான் அதே வேலையைச் சத்தம் வராமல் செய்யச் சொன்னார். "நீங்களா மேடம் இப்படி? பரங்கிமலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டே விட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. அது ஹிஸ்டரி. இது காலேஜ். இந்தப் பேரு கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு யாரு பொண்ணுங்கள இங்க அனுப்புவாங்க?" சிப்பாயின் சுயமரியாதைக்காக எழுதப்பட்ட காகிதங்களிலும் இப்படித்தான் நிதானமான காரணங்கள் இருந்தன. அவற்றை மொழிபெயர்த்ததும் நான்தான்.

அவர் சொன்னபடி எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அதை ஒளிக்கப் போவதில்லை. என் பெண்ணின் கல்லூரிப் படிப்பு, வீட்டுக் கடன், அவரிடம் ஆறு வருஷத்து விசுவாசம் என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. அறிக்கையின் தமிழ் நகல்தான் இரண்டு தரப்புக்கும் போனது. செமஸ்டர் முடிந்ததும் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். சார் வழக்கம் போல ஓய்வு பெற்றார், வழக்கம் போலப் பொன்னாடை போர்த்தினார்கள். புத்தகமும் வந்தது. முன்னுரையில் நான் இல்லாமல் இந்த நூல் இல்லை என்று மேடம் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் இரண்டாம் தடவை படிக்கவில்லை. அதன் பிறகு சனிக்கிழமைகளில் உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே அவரிடமிருந்து விலகினேன். போன மாதம்கூட யூடியூபில் அவர் பேசினார். அதே கரும்பலகை வித்தை, அதே எழுத்து. கீழே நூற்றுக்கணக்கான பேர் கைதட்டியிருந்தார்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். இந்த ஏழு வருஷமும் கேட்டவர்களிடமெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்துச் செருப்புக் கடையில் அவளைப் பார்த்தேன். சிறுமிகள் போடும் ஒரு ஜோடி செருப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரை விழுந்திருந்தது. மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்வதாகச் சொன்னாள். மகளைக் கேட்டேன். "அவங்கப்பா கூட இருக்காக்கா. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை எனக்கு. காலு இப்ப எவ்ளோ வளந்திருக்கும்னு தெரியல, அதான் ஒரு சைஸ் பெருசாவே பாக்கறேன்" என்றாள்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினேன். "மேடம் இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் நினைக்கவே இல்லம்மா. நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாங்க" என்றேன்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. கடைக்காரர் செருப்பைப் பையில் போட்டுக் கொடுக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"மேடத்தோட அதுக்கு முன்னாடி நான் பேசினதே இல்லக்கா. உங்களை நம்பித்தான் எழுதிக் குடுத்தேன். எனக்கு வந்த ரிப்போர்ட்டை நான் பிரிக்கவே இல்ல. பாப்பா அப்பாவோட வக்கீல் எப்படியோ ஒரு நகலை வாங்கிட்டு வந்து கோர்ட்ல வாசிச்சாரு. இங்கிலீஷ்ல இருந்திருந்தா யாரோ எழுதினதுன்னு விட்டிருப்பேன். அவர் வாசிக்க வாசிக்கவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது உங்க தமிழ்னு."