பைன் காட்டில் ஒரு வளைவுக்கு இரண்டு பெயர்கள்

2006 அக்டோபரில் நாங்கள் நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் இருந்தோம். அதே மாநிலத்தின் தெற்கே உள்ள பைன் பேரன்ஸ் காட்டுப் பகுதிக்கு வரலாற்று வரைபடம் போடும் சிறு குழு ஒன்று, அங்குள்ளவர்கள் வாயில் புழங்கும் இடப்பெயர்களைக் கேட்டெழுத ஆள் தேடியது. வார இறுதிதோறும் மால் சுற்றி அலுத்திருந்த நானும் மனைவி ஃபரீதாவும் சேர்ந்துகொண்டோம்.

287ஆம் நெடுஞ்சாலை, டர்ன்பைக் என்ற சுங்கச்சாலை, பிறகு 206ஆம் சாலை. அறுபது மைல் சொச்சம், ஒன்றரை மணி நேரம். அதன்பின் மணலும் குட்டைப் பைனும் கிரான்பெர்ரி வயல்களும்தான். இப்போது வேறு மாநிலத்தில், காப்பெலில் உட்கார்ந்து எழுதும்போதும் அந்தப் பைன் வாசனை வருகிறது.

அந்தப் பகுதியிலேயே வாழும், எழுபது வயது தாண்டிய டோரத்தி எங்கள் காரில் ஏறி வழி காட்டினார். ஒரு மணல் பாதை திரும்பும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இது ரே வளைவு," என்றார். ரே அவர் கணவர். வயல் வேலை முடிந்து வரும் அவருக்காக டோரத்தி இங்கே காத்திருப்பாராம். ரே இறந்த பிறகும் பல மாலைகளில் வந்து நிற்கிறார்.

குழுவின் விதிப்படி, இன்னொருவரும் அதே பெயரைச் சொன்னால்தான் அது வரைபடத்தில் ஏறும். டோரத்தியை வீட்டில் இறக்கிவிட்டு, கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு வேட்டைக்காரர்களிடம் விசாரித்தோம். ரே வளைவு என்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. "அது டோரத்தி வளைவு. அந்தம்மா எப்பவும் அங்கதான நிப்பாங்க."

காருக்கு வந்ததும், "இப்ப ரே பேர எப்படி கன்ஃபர்ம் பண்றது?" என்றேன்.

"அத அப்புறம் பாக்கலாங்க. தன் பேர்ல ஒரு இடம் இருக்கறது அவங்களுக்கே தெரியாது. திரும்ப ட்ரைவ் பண்ணுங்க, சொல்லிட்டுப் போவோம்," என்றாள் ஃபரீதா.

சொன்னோம். டோரத்தி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் நிக்கிறத யாரும் பாக்கலன்னு நெனச்சேன்," என்றார். சற்றுக் கழித்து, "ரே பேர விட்டுடாதீங்க," என்றார்.

குழுவோடு ஃபரீதா பலமுறை போனில் வாதாடி, இரண்டு பெயர்களையும் போட வைத்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: 206லேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் மணல் பாதையில் சின்ன காரை இறக்காதீர்கள். வேட்டைக் காலத்தில், வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி, ஆரஞ்சு நிறச் சட்டை அவசியம். பெயர் கேட்டெழுதினால், வரைபடம் அச்சான பிறகு சொன்னவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாங்கள் கொண்டுபோன அன்று டோரத்தி கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பக்கத்து பக்கத்துலயே போட்டிருக்கீங்க," என்றார்.