மிராபெலில் வந்திறங்கியவர்

யாராவது பேய், ஆவி என்று கதையைத் தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றப் போகிற ஆள் நான். சண்டைக் காலத்தில் செத்தவர்கள் எல்லாம் திரும்பி வருவதாக இருந்தால் எங்கள் ஊர் ஒழுங்கையில் நடக்கவே இடம் இருந்திராது என்பது என் கட்சி. இப்போதும் அதே கட்சிதான், அந்த ஒரு பகலை மட்டும் கழித்துவிட்டுச் சொல்கிறேன். வேலைக் களைப்பில் எதையோ கண்டிருக்கிறான் என்பீர்கள். பரவாயில்லை, அதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மிராபெல் விமான நிலையம் என்றால் இப்போது மொன்றியலில் வளர்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. லவாலையும் தாண்டி வடக்கே, கமக்காரரைக் குடியெழுப்பிவிட்டு, வயல்களை எடுத்து, உலகத்திலேயே பெரிய நிலையமாக வரப்போகிறது என்று கட்டினார்கள். இந்த நகரத்துக்கு அது ஒரு வியாதி, எதையும் பெரிதாகக் கட்டும், பிறகு அதை என்ன செய்வதென்று வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கும். கடைசியில் பயணிகள் விமானம் எல்லாம் டோர்வலில் இருந்த பழைய நிலையத்துக்கே போய்விட, மிராபெல் கட்டடம் சும்மா பூட்டிக் கிடந்தது. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்த எங்கள் சனத்தில் நிறையப் பேர் முதலில் கால் வைத்த இடம் அதுதான்.

நானும் பவானி அக்காவும் அங்கேதான் இறங்கினோம், அக்காவின் கையில் மகள் கைக்குழந்தை. எங்களை முதலில் ஏற்றிவிட்டு அத்தான் வேறு பாதையால் வருவதாக ஏற்பாடு. ஒரு நாள் எங்கோ ஒரு நாட்டிலிருந்து போன் எடுத்து, அடுத்த கிழமை மொன்றியலில் நிற்பேன் என்றார். எந்த விமானம், யாருடைய பாஸ்போர்ட், ஒன்றும் தெரியாது, காசு வாங்கி ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொல்லமாட்டான். ஆகவே ஐரோப்பாவிலிருந்து வருகிற ஒவ்வொரு விமானத்துக்கும் அக்கா போய் நின்றார். அப்போது எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது, தமிழ் முகம் ஒன்று வெளியே வந்து முழிசினால் ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டுவிட்டுத்தான் எந்த ஊர் என்று கேட்பது. அத்தானைக் கூட்டப் போய் அப்படி எத்தனையோ பேரைக் கூட்டிவந்தோம், அதில் ஒருவர் இப்போது ரொறன்ரோவில் நகைக்கடை வைத்திருக்கிறார். அத்தான் மட்டும் வரவில்லை. வழியில் என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அக்கா பொட்டை அழிக்கவில்லை, திவசம் செய்யவில்லை. மகள் வளர்ந்து கல்யாணம் பேசி முடித்தபோதுதான் வில்லங்கம் வந்தது. அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் அமரர் போடுவதா, விடுவதா? ஆள் இல்லையென்றால் மாமன்காரன் நானும் மனைவியும் மணவறையில் இருந்து தாரை வார்க்கலாம், இருக்கிறார் என்றால் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்தானே. அமரர் போட்டால் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். மகள் அறைக்குள் போய் அழுதாள். எனக்கும் உண்மையைச் சொன்னால் அலுத்துப்போய்விட்டது, அத்தான் மீதுகூடக் கோபம் வந்தது. இந்தக் கல்யாணம் நிற்கப்போகிறது என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொன்றியலில் வில்லரேப் பக்கம் கடை வைத்திருக்கிற என் கூட்டாளி போன் எடுத்தான். ஏதோ படம் எடுக்கிறார்களாம், விமான நிலையத்தில் ஆட்களை வரவேற்க வந்த கூட்டமாக இருக்க எங்கள் நிறத்தில் ஆட்கள் வேண்டுமாம். பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன் நான், பகலில் கதிரையில் சும்மா இருக்க ஆள் கேட்டால் விடுவேனா? அக்காவிடம் பகிடியாகத்தான் சொன்னேன்.

“எந்த எயாப்போட்டிலை எடுக்கிறாங்கள்?” என்று கேட்டார்.

“மிராபெல்தான். இப்ப அங்கை படம் எடுக்கத்தான் விடுறாங்களாம்.”

“நானும் வாறன்.”

“சும்மா இருங்கோ அக்கா, அங்கை வந்து என்ன செய்யப்போறியள்?”

“கூட்டிக்கொண்டு போறியோ, நான் ராக்சி பிடிக்கட்டோ?”

வெளியே ஆடி மாத வெயில், படத்தில் பனிக்காலமாம், எல்லோருக்கும் தடித்த கோட்டு மாட்டி அவித்தெடுத்தார்கள். காதில் கருவி மாட்டிய ஒரு பெட்டை எங்களுக்குப் பொறுப்பு. நீங்கள் கனநேரம் காத்திருந்து களைத்துப்போனவர்கள், முகத்தை அப்படி வைத்திருங்கள் என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். இதைப் போய் அக்காவுக்குச் சொல்லித்தருகிறாளே என்று நினைத்தேன். கதவு திறக்கும், பயணிகளாக நடிக்கிறவர்கள் வருவார்கள், சிவப்புப் பெட்டியோடு ஒரு மனுசி, ஒரு இளம் சோடி, கடைசியில் கைத்தடியோடு ஒரு கிழவனார். கதவு மூடும். பிறகு எல்லோரும் திரும்ப உள்ளே போவார்கள், திரும்ப வருவார்கள். இதே கூத்துத்தான் மத்தியானம் வரை.

சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ஒரு முறை, கிழவனாருக்குப் பின்னால் கதவு மூடவில்லை. இன்னொருவர் வந்தார். மெல்லிய நீலச் சேர்ட், கையில் சின்ன பாக், எந்தப் பக்கம் போவதென்று தெரியாத முழி. நம்பினால் நம்புங்கள், இவருக்குக் கோட்டுக் கொடுக்க மறந்துவிட்டார்களே என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். எங்களை ஏற்றிவிட்ட நாளில் இருந்த அதே முகம், ஒரு மயிர் நரைக்கவில்லை.

எழும்பக் கூடாது என்று சொல்லியிருந்தும் அக்கா எழும்பினார். நேரே நடுவுக்குப் போய் அந்த ஆளுக்கு முன்னால் நின்றார். ஏதோ இரண்டு வார்த்தை கதைத்தார்கள், எனக்குக் கேட்கவில்லை. அந்த ஆள் தலையாட்டிவிட்டு எங்கள் வரிசைக்கு வந்து, எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தார். பாக்கை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் வேர்வையில் குளித்துக்கொண்டிருக்க அவர் குளிரில் வந்தவர் மாதிரிக் கையோடு கை தேய்த்தார். அத்தான் என்று கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை, பயம்தான், வேறென்ன? கட் என்று யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

அந்தப் பெட்டை ஓடிவந்தாள், ஏசப்போகிறாள் என்று பார்த்தால் “பார்ஃபே, மதாம்!” என்று மெச்சினாள். தனியாகப் போய் நடுவில் நின்றது நன்றாக இருந்ததாம், இன்னொரு முறை அப்படியே செய்யட்டாம். கிழவனாருக்குப் பின்னால் வந்த ஆள் எங்கே என்று கேட்டேன். கிழவனார்தான் கடைசி ஆள் என்றாள்.

“ஏலாதெண்டு சொல்லு சிவா,” என்றார் அக்கா. “வீட்டை போவம்.”

என்ன கதைத்தீர்கள் என்று வழியில் நான் கேட்கவில்லை, கேட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. லவாலில் வீட்டு வாசலில் கார் நின்றதும், “ஐயரிட்டைக் கேட்டு ஒரு நாள் பார். அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்வம்” என்றார். எல்லாம் செய்தோம். அமரர் என்று போட்டு அழைப்பிதழ் அடித்தோம், தாரை வார்த்தோம், மகள் சந்தோஷமாகப் போனாள். எப்படி அக்காவின் மனம் மாறியது என்று எல்லோரும் அதிசயப்பட்டார்கள். எப்படியோ மனுசிக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்று எனக்கும் ஆறுதல்தான்.

சில வருடம் கழித்து அந்தக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அக்கா வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு செய்தி பார்த்தோம், பெரிய இயந்திரம் ஒன்று கூரையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா விம்மி விம்மி அழத் தொடங்கினார். அத்தானுக்குக் கிரியை செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

“அண்டைக்கு அவர் வந்தவர், சிவா. நீ கண்டனியோ தெரியாது.”

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அவருக்கு என்னைத் தெரியேல்லை. எங்கடை அம்மா எண்டு நினைச்சிட்டார். ‘மாமி, பவா வரேல்லையோ?’ எண்டு கேட்டார்.”

அப்போதுதான் நான் அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அப்படியே அம்மா.

“நான்தான் பவா எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லையடா. ‘வருவாள் தம்பி, அந்தக் கதிரையிலை இருங்கோ’ எண்டு சொல்லிப்போட்டன். என்ரை மனுசனைத் தம்பி எண்டு கூப்பிட்டு, இருக்கச் சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

செய்தி வேறெதற்கோ மாறிவிட்டது. அக்கா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடிக்க முதல் உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ எண்டு பாத்திருப்பாங்களோ?”

“பாத்திருப்பாங்கள் அக்கா,” என்றேன்.

அத்தான் வந்து இருந்ததை நானும் கண்டேன் என்று அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அவர் எழும்பிப் போனதையும் கண்டாயா என்று கேட்பார்.