கடல் பக்கம் பறந்தது பந்து

உஷாந்திக்கு இங்கிலீஷ் வராது என்று இனி யாராவது என் காதுபடச் சொல்லட்டும், அன்றைக்கு இருக்கிறது அவர்களுக்கு!

நானும் அவளும் கொழும்பு வெள்ளவத்தையில், கடலோரமாக ஓடும் காலி வீதியில் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். என் பெயர் நிம்றா. வாசலில் நின்று வருகிறவர்களைக் கவனிப்பது என் வேலை. உள்ளே மேசையில் குனிந்திருந்து ஃபிரேமுக்குக் கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. முதலாளி பொன்னம்பலம் ஐயா சுவரில் ஒரு ரி.வி. மாட்டியிருக்கிறார், ஆனால் சத்தம் மட்டும் கூடவே கூடாது. கிரிக்கெட் ஓடினால் படம் இருக்கும், குரல் இராது. அந்தக் குரலை உஷாந்தி கொடுப்பாள். கையில் திருகாணி, கண் திரையில், வாயில் இங்கிலீஷ். அடித்த பந்து எல்லைக்குப் போய்ச் சேருமுன் அவள் வாய் அங்கே போய் நிற்கும். கண் பரிசோதிக்க வந்தவர்கள் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே உஷாந்தியை ஒரு நேர்முகப் பரீட்சையில் உட்கார வைத்து "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று கேளுங்கள். வாயில் கொழுக்கட்டைதான். ஹோட்டல் வரவேற்பு மேசை, வங்கி, விமான டிக்கட் அலுவலகம் என்று போன இடமெல்லாம் இதே கதை. போகும்போது புதுச் சட்டையோடு போவாள், வரும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அங்க போனா மட்டும் ஒனக்கு என்ன நடக்குது?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் முதல்ல தமிழில முழுசாக் கட்டிப்போட்டுத்தான் வாய் திறக்கிறனான் அக்கா. தமிழில செய்யிற வேலை, அந்த வினைச்சொல், கடைசியிலதானே வரும். அது வந்து சேருமட்டும் முழிசிக்கொண்டு இருப்பன். அதுக்குள்ள அவையள் அடுத்த கேள்விக்குப் போயிடுவினம்."

"அப்ப கிரிக்கெட்டுக்கு?"

"பந்து எனக்காக நிக்குமே? முதல்ல ஆள் என்ன செய்தான் எண்டதைச் சொல்லிப்போடுவன். பிறகு எங்கையிருந்து, எதுக்கு மேலால, எந்தப் பக்கம் எண்டு ஒண்டொண்டாப் பின்னால கொழுவுவன். இன்னும் முடியேல்லையோ, ஒரு 'அண்ட்' போட்டா அடுத்த வேலை வந்திடும். ரயில் பெட்டி கொழுவுற மாதிரித்தான்."

பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் படிப்பித்தவர்கள் ஒருவரும் இதை இப்படிச் சொல்லித் தந்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

இந்த ரயில் ஓட்டத்தைத்தான் ஸவாஹிர் நானா ஒருநாள் கேட்டுவிட்டார். உடைந்த ஃபிரேமோடு கடைக்கு வந்தவர் அவர். கொழும்பில் நடக்கும் மென்பந்துக் கிரிக்கெட் ஆட்டங்களைப் படம் பிடித்து இணையத்தில் நேரலையாக விடுவது அவருடைய தொழில். பார்க்கிறவர்கள் எல்லோரும் டொராண்டோவிலும் லண்டனிலும் டோஹாவிலும் இருக்கிற நம் ஆட்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக விளங்காது என்பதால் வர்ணனை இங்கிலீஷில். வர்ணனை செய்தவர் திடீரென்று வெளிநாடு போய்விட்டாராம்.

"தங்கச்சி, ஞாயிறு இரத்மலானைக்கு வாங்க, செமி ஃபைனல் ஈக்கு. நல்லாச் செஞ்சா ஃபைனலும் ஒங்களுக்குத்தான், சீசன் முழுக்க ஒங்களுக்குத்தான். சரிவராட்டி வேற ஆளப் போடுவன், கோவப்பட ஏலா" என்றார்.

அன்றைக்கு உஷாந்தி பொருத்திய கண்ணாடி ஒன்றும் நேராக உட்காரவில்லை. எனக்குமே கால் தரையில் நிற்கவில்லை. அவள் ஆசைப்பட்ட வேலை ஒன்று அவளைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வெள்ளவத்தை அணிக்கும் கிராண்ட்பாஸ் அணிக்கும் ஆட்டம். மைதானம் நிறையச் சனம், மேளமும் ட்ரம்பெட்டுமாய்ப் பப்பரே அடிக்கிற கூட்டம் வேறு. ஸவாஹிர் நானா மைக்கை அவள் கையில் கொடுத்து, "முதல்ல எல்லாருக்கும் ஒரு வணக்கம் சொல்லி, ஒங்களப் பத்தி ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார்.

போச்சு! அதே கேள்வி. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நேரலையில் பப்பரே மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் வாய்க்குள் யாஸீன் ஓதத் தொடங்கிவிட்டேன். நல்லகாலம், பந்துவீச்சாளன் ஓடத் தொடங்கினான். அவன் ஓட, இவள் வாயும் ஓடியது.

ஆனால் ஓடிய வாய் ஒரு வேலை செய்தது. கவர், மிட்விக்கெட் என்று மைதானத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் உண்டு, அவளுக்கு அத்தனையும் தெரியும். ஆனால் காலி வீதிக்காரருக்கு இடம், வலம் என்று ஒன்று கிடையாது. கடை எங்கே என்று கேட்டால் கடல் பக்கம் என்போம், அதற்கு எதிர்ப்பக்கம் என்றால் லேண்ட் சைட் என்போம். அவசரத்தில் இவளுக்கு அதுதான் வந்தது. பந்து கடல் பக்கம் போனது, லேண்ட் சைடில் பிடிபட்டது, ரயில் பாதையை நோக்கி உருண்டது.

"இதென்ன பஸ் கொண்டக்டர் மாதிரி! பேரச் சொல்லுங்க, பேர!" என்று ஸவாஹிர் நானா தலையில் அடித்துக்கொண்டார். அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கவர் என்றாள். அடுத்த ஆறு ஓட்டம் மறுபடியும் கடல் பக்கம் பறந்தது.

அவர் என் பக்கம் திரும்பி, "ஃபைனலுக்கு வேற ஆள்தான்" என்றார். 

கடைசி ஓவர் தொடங்கும்போது கமராவின் பெட்டரி செத்தது. சார்ஜ் போட மறந்தது வேறு யாருமல்ல, எங்களுடைய பெயர் வாத்தியார் ஸவாஹிர் நானாதான்! திரையில் அசையாத படம் ஒன்று நின்றது, உஷாந்தியின் குரல் மட்டும் போனது. ஸவாஹிர் நானாவின் ஃபோனில் செய்திகள் கொட்டத் தொடங்கின. "என்ன நடக்குது?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் எழுதினார்: "படம் வேண்டாம், அந்தப் பிள்ளையை நிப்பாட்டாதேங்கோ. கடல் பக்கம் எண்டதும் எனக்கு எல்லாம் தெரியுது."

"பேசுங்க தங்கச்சி, நிப்பாட்டாதீங்க!" என்று அவர் கெஞ்சினார்.

கடைசிப் பந்து. வெள்ளவத்தைக்கு நான்கு ஓட்டம் வேண்டும். அவள் இங்கிலீஷில் சொன்னதை அதே வரிசையில் தமிழில் போடுகிறேன்: "வாறான், ரயில் பாதைப் பக்கத்திலயிருந்து, அண்ட் போடுறான், காலுக்கு நேரா, அண்ட் தூக்குறான், போலருக்கு மேலால, வாகை மரத்தைப் பார்த்து, லேண்ட் சைடுக்கு, அண்ட் ஓடுறான் ஒருத்தன், பின்னால, அண்ட் பாயிறான், அண்ட் பிடிக்கேல்ல, பிடிக்கேல்ல, அண்ட் போயிட்டுது!"

மைதானம் பிய்ந்துகொண்டு போனது. நான் யாரோ முன்பின் தெரியாத ஒரு அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். ஃபோனில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: யார் இந்தப் பிள்ளை?

சந்தோஷத்தில் தலைகால் புரியாத ஸவாஹிர் நானா, நேரலையிலேயே, இங்கிலீஷில், அந்தப் பாழாய்ப்போன கேள்வியை மறுபடி கேட்டார். உன்னைப் பற்றிச் சொல்.

உஷாந்தியின் முகம் வெளுத்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தாள், அங்கே தானே ஓடி வருவதைக் காண்பவள் மாதிரி. பிறகு இங்கிலீஷில் தொடங்கினாள்.

"வாறாள் உஷாந்தி, கிளிநொச்சியிலயிருந்து, ஒரு பையோட, அண்ட் இருக்கிறாள், கொட்டாஞ்சேனையில, தேவாலயத்துக்குப் பின்னால, சின்ன அறையில. அண்ட் ஏறுறாள், விடியக்காலமை பஸ்ஸில, அண்ட் நிக்கிறாள், வெள்ளவத்தை வரைக்கும். அண்ட் போறாள், இன்டர்வியூவுக்கு, அண்ட் விழுறாள். அண்ட் எழும்புறாள், அண்ட் போறாள், அண்ட் விழுறாள். அண்ட் நிக்கிறாள் இப்ப, இரத்மலானையில, மைக்குக்கு முன்னால, அண்ட்..."

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். எனக்குக் கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"அண்ட்?" என்றார் ஸவாஹிர் நானா.

"அண்ட் வாறாள்," என்றாள் உஷாந்தி, "ஃபைனலுக்கும்."