பின் சீட்டுத் தலைவலி

காளியப்பனுக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. பைப்பை அறுத்ததற்காக இல்லை. கேட்காமல் அறுத்ததற்காக. சந்தை நாளில், காரிமங்கலம் நடுத்தெருவில், புளிக்கூடையும் கோழியுமாக ஜனம் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு கிளீனர் பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஆக்ஸா பிளேடு போடுவானா? அப்புறம் அந்த பஸ்ஸை நாலு ஜோடி மாடு கட்டி தர்மபுரிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எட்டு மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டே வந்தவன் காளியப்பன்.

"டிரைவரே, ஆரன் அடிக்காதீங்க, மாடு மிரளும்!"

"கொஞ்சம் வைக்கோலு போட்டீங்கன்னா இன்னும் ஓடுமுங்க!"

வழியெல்லாம் இதே பேச்சு. உலகச் சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், பஸ்ஸும் மாறிவிட்டது. காளியப்பனுக்கு மட்டும் எதிரே மாட்டு வண்டி வந்தால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

அறுத்தவன் பெயர் ஞானராஜ். பாலக்கோட்டுப் பக்கம் கிறிஸ்தவ வேதக்காரர் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவன். அப்பன் மானாவாரிக் காட்டில் கேழ்வரகும் கொள்ளும் போட்டவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் கிணறு வெட்டினான், சுண்ணாம்பு சுட்டான். எதிலும் நிலைக்கவில்லை. சோம்பேறி என்று சொல்ல முடியாது. ஒரு வேலையில் கேட்பதற்குக் கேள்வி இருக்கிறவரைக்கும் மாடாக உழைப்பான். கேள்வி தீர்ந்தால் ஆள் கிளம்பிவிடுவான்.

பஸ்ஸுக்கு வந்ததும் அப்படித்தான். சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம் கட்டி, அதில் வேலங்கரியைக் கொட்டி நெருப்பு வைப்பார்கள். கரியிலிருந்து வரும் வாயு, தரைப் பலகைக்கு அடியில் ஓடும் பைப் வழியாக முன்னால் இருக்கிற என்ஜினுக்குப் போகும். வண்டியை எடுப்பதற்கு முன் கிளீனர் டிரம்மோடு இருக்கும் விசிறியைக் கை ஓயும்வரை சுற்ற வேண்டும். சந்தையில் கொள்ளு விற்க வந்த ஞானராஜ் இதைப் பார்த்தான். கொள்ளு மூட்டையைத் தெரிந்தவன் தலையில் கட்டிவிட்டு, "நான் சுத்தறேனுங்க" என்று விசிறியைப் பிடித்தான். கிளீனராகவே தங்கிவிட்டான். காளியப்பனைவிட வயதில் மூத்த கிளீனர்.

"கரியில புகை வருதுங்க, சரி. புகை எப்படிங்க வண்டிய இழுக்கும்?"

"இழுக்குதில்ல? விடு."

"இழுக்குதுன்னு தெரியுதுங்க. எப்படின்னுதான்..."

"யோவ் ஞானராசு, நீ விசிறியச் சுத்துறியா, இல்ல நான் எறங்கிச் சுத்தட்டுமா?"

அந்த பஸ்ஸில் ஒரு சங்கடம் இருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தலை வலித்தது. சிலர் வாந்தி எடுத்தார்கள். காளியப்பன் அதற்குப் பித்தம் என்று பெயர் வைத்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். ஞானராஜுக்கு அது சமாதானமாகவில்லை. பெண் பார்க்க வந்தவன் குலம் கோத்திரம் விசாரிக்கிற மாதிரி, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்பான். எங்கே உட்கார்ந்தீங்க, எப்போ வலிச்சுது, மோந்து பாத்தா ஏதாவது வாசம் வந்துச்சா.

"வண்டி ஆடுனாத்தானே பித்தம் வரணும்?" என்று ஒருநாள் காளியப்பனிடம் வந்து நின்றான். "இது வண்டி நிக்கும்போதில்ல வருது!"

மொரப்பூர் ஸ்டேஷனில் ஒருநாள் ரயில் தாமதம். பஸ் நெருப்போடு காத்து நின்றது. ஞானராஜ் படுதாக்களை இறக்கிவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். ரயில் வந்தபோது அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. ஆனால் புதையல் எடுத்தவன் மாதிரி சிரித்தான்.

"வந்துருச்சுங்க! எனக்கும் வந்துருச்சு!"

அவன் கண்டுபிடித்தது இதுதான். வண்டி ஓடும்போது வாயுவை என்ஜின் உறிஞ்சிக்கொள்கிறது. நிற்கும்போது உறிஞ்ச ஆளில்லை. கரி உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கிறது. பைப்பில் எங்கோ ஓட்டை. வாயு அதன் வழியாகப் பலகைச் சந்தில் ஏறிப் பின் சீட்டுக்கு வருகிறது. நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

"இன்னைக்கு வாந்தி. நாளைக்கு எவனாச்சும் அங்க தூங்குனா? எந்திரிக்க மாட்டானுங்க."

காளியப்பன் துணியில் களிமண் தடவி, பைப்பின் ஒட்டு ஒவ்வொன்றையும் சுற்றச் சொன்னான். சூட்டில் களிமண் வெடித்தது. மறுபடி சுற்றினார்கள். மறுபடி வெடித்தது.

இதற்கிடையில்தான் டீக்கடை மல்லையன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"உங்க கிளீனர் தெனம் பொழுது சாய மிஷன் கொட்டாய்க்குப் போயிப் பத்த வெக்கிறானாமே?"

காளியப்பனுக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. காரிமங்கலத்தில் சாப்பிடுவதற்கு அதிக நேரம் வண்டியை நிறுத்துகிறான் என்று முதலாளி அந்த வாரம்தான் அவனைக் கூப்பிட்டுக் கடிந்திருந்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரம். இவன்தானா? கூடவே இருந்துகொண்டு, ஊரெல்லாம் போய்ப் பத்தவைக்கிறானா?

அன்று சாயங்காலம் தர்மபுரி மிஷன் கொட்டகை வாசலில் போய் நின்று கத்தினான். "யோவ் ஞானராசு! எவங்கிட்டய்யா என்னப் பத்திப் பத்த வெக்கிற?"

உள்ளே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஞானராஜ் நீலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். அவன் கையில் இருந்த குழாயின் நுனியில் தீ சீறிக்கொண்டிருந்தது.

"உங்களயா? நான் பைப்பையில்ல பத்த வெக்கிறேனுங்க!"

கொட்டகையே சிரித்தது. அங்கே ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் சாயங்காலத்தில் வந்து தொழில் படிக்கலாம். சொல்லிக்கொடுத்தவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற செபாஸ்டின் மேஸ்திரி. வயிறு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கய்யா. சிலிண்டரத் தொறந்து வெச்சிருக்கேன். இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு நில்லு, இல்லாட்டி எடத்தக் காலி பண்ணு."

காளியப்பன் போட்டுக்கொண்டான். நீலக் கண்ணாடிக்குள் கொட்டகை இருண்டுவிட்டது. தீ மட்டும் தெரிந்தது. கார்பைடு வாயு அதிகமானால் தீ வால் விட்டது. ஆக்சிஜன் அதிகமானால் பாம்பாகச் சீறியது. இரண்டும் சரியாக இருந்தால் நடுவில் மொட்டு மாதிரி வெள்ளையாக நின்றது. அந்த மொட்டுப் பட்ட இடத்தில் இரும்பு சிவந்தது, வேர்த்தது, ஒரு சொட்டுக் குளமாக உருகி நின்றது. ஞானராஜ் அதில் கம்பியைத் தொட்டுத் தொட்டுக் குளத்தை நகர்த்தினான். இரண்டு இரும்புக்கு நடுவில் இருந்த கோடு காணாமல் போனது.

"இரும்பு இப்படியா உருகும்?" என்றான் காளியப்பன், யாரிடம் என்றில்லாமல்.

பைப்பின் மேல்பக்கம் நன்றாகத்தான் வந்தது. பக்கவாட்டில் குளம் வழிந்தது. அடிப்பக்கம் வந்ததும் சொத்தென்று தரையில் விழுந்தது. பைப்பில் ஓட்டை.

மேஸ்திரி தூக்கிப் பார்த்தார். "இது பைப்பா, பணியாரக் கல்லா? மேல் பக்கத்த எவன் வேணும்னாலும் போடுவான். அடிப்பக்கம்னு ஒண்ணு இருக்குது பாரு, அங்கதான் ஆளு தெரியும். உருகுனது விழப்போவுதுன்னு தெரியறதுக்கு முந்தியே தீய எடுத்துடணும்."

"தெரியறதுக்கு முந்தி எப்படிங்க தெரியும்?"

மேஸ்திரி பைப்பை அவன் கையிலேயே திணித்தார். "போட்டுப் பாருய்யா. போடப் போடத் தெரியும்."

ஞானராஜ் பெண்டாட்டி லூர்தம்மாளுக்கும் இந்தப் படிப்பால் ஒரு சந்தேகம் வந்திருந்தது. கார்பைடு வாயுவுக்குப் பூண்டு வாசம். "தவக்காலத்துல வூட்டுல கஞ்சி காச்சி வெச்சிருக்கேன், இந்த ஆளு மேலெல்லாம் பூண்டுக் கொழம்பு வாசத்தோட வருது. எவ வூட்டுலய்யா தின்ன?" என்று அவள் கேட்ட கேள்விக்கு, கார்பைடு கரைந்து மிஞ்சிய சுண்ணாம்பை ஒரு சட்டி கொண்டுவந்து காட்டித்தான் அவன் தப்பித்தான். அவள் அதை வாங்கி வீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு காளியப்பன் அடிக்கடி அந்தக் கொட்டகைப் பக்கம் போனான். சும்மா போகிற வழி என்று சொல்லிக்கொள்வான். ஞானராஜின் ஒட்டு அடிப்பக்கம் விழாமல் நிற்கத் தொடங்கியிருந்தது. ஆனால் சோப்பு நுரை தடவி ஊதிப் பார்த்தால் எங்கோ ஒரு குமிழி வந்து கசிவைக் காட்டிவிடும். அவன் அறுத்துவிட்டு மறுபடி போடுவான்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சந்தை நாள் வந்தது. வத்தல்மலையிலிருந்து பூந்திக்கொட்டை விற்க வந்திருந்த சென்னம்மாள், விற்றது போக மிச்சக் கூடையோடு ஊர் திரும்ப ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் ஆள் சேருவதற்காக நின்றது. மழைத் தூறல் என்று படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் கத்தினாள். சென்னம்மாள் சாய்ந்து கிடந்தாள். கூப்பிட்டால் பேச்சில்லை.

கீழே இறக்கிக் காற்றாடப் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறக்க வெகுநேரம் ஆனது. காளியப்பன் எலுமிச்சம்பழத்தை நீட்டினான்.

"வெறும் வயித்துல மலை எறங்கி வந்திருக்கா. பித்தம். வேறொண்ணுமில்ல. நான் சாப்புட்டு வந்துடறேன், அப்புறம் கெளம்பலாம்."

ஞானராஜ் சென்னம்மாளின் கூடையிலிருந்து பூந்திக்கொட்டை எடுத்து நுரைக்க அடித்தான். ஒருவரை விசிறி சுற்றச் சொல்லிவிட்டு அடியில் படுத்து, நுரையைப் பைப்பில் தடவிக்கொண்டே வந்தான். பின் சீட்டுக்கு நேர் கீழே ஒரு ஒட்டு. மேல்பக்கம் சுத்தம். அடிப்பக்கத்தில், யாரும் பார்க்க முடியாத இடத்தில், தவளை முட்டை மாதிரி குமிழி குமிழியாகக் கிளம்பியது. அவன் எழுந்து டிரம்மின் நெருப்பை அவித்தான். பிளேடை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனான்.

காளியப்பன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தபோது பைப் இரண்டாகக் கிடந்தது.

"யாரக் கேட்டுய்யா அறுத்த?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்! இத்தன ஜனத்த என்ன பண்றது? ஊரு போயிச் சேந்ததும் அறுத்திருக்கலாமில்ல?"

"வழியில எத்தன எடத்துல நிக்கும் வண்டி? அந்த சீட்டுல யாரு உக்காருவா, நீங்க உக்காருவீங்களா?"

அதற்குக் காளியப்பன் என்ன பதில் சொன்னான் என்று எழுத முடியாது. ஜனம் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டு மூட்டையோடு இறங்கி நடந்தது. வெல்டிங் சாமான்களைக் காரிமங்கலத்துக்குத் தூக்கிவர வழியில்லை. ஆகையால் வண்டிதான் சாமானிடம் போக வேண்டும். மாடு கட்டினார்கள்.

மறுநாள் மிஷன் கொட்டகை முன்னால் முதலாளி வந்து பார்த்தார். டிரைவரைக் கேட்காமல் வண்டியில் கை வைத்தவனுக்கு இனி இங்கே வேலை இல்லை என்றார்.

"சரிங்க மொதலாளி," என்றான் ஞானராஜ். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க. வேலங்கரியவிடப் புளியங்கரி சூடு அதிகமுன்னு சொல்றாங்களே, டிரம்முல போட்டுப் பாத்திருக்கீங்களா?"

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். ஞானராஜ் நீலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். வேலை போனாலும் ஓட்டை அப்படியேதான் இருந்தது.

பைப்பைத் திருப்ப முடியாது, வண்டியோடு பிணைந்திருந்தது. மேஸ்திரி தானே போடுகிறேன் என்று படுத்துப் பார்த்தார். வயிறு சட்டத்தில் இடித்தது. "நீயே போய்யா," என்று வெளியே ஊர்ந்து வந்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி சொல்லிக்கொடுத்தார். ஞானராஜ் மல்லாந்து கிடந்தான். முதல் தடவை ஒரு சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. உஸ்ஸென்று இழுத்துக்கொண்டான், தீயை விடவில்லை. நுரை தடவினால் குமிழி. அறுத்தார்கள். இரண்டாவது தடவையும் குமிழி. மூன்றாவது தடவை மேஸ்திரி சொல்லிக்கொடுக்க அவசியம் வரவில்லை. உருகியது விழப்பார்க்கும், ஞானராஜின் கை அதற்கு ஒரு மூச்சு முன்னால் விலகும், மறுபடி வரும். காளியப்பன் குனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தன் மூச்சும் அந்தக் கையோடு சேர்ந்து நின்று நின்று வருவது அவனுக்கே தெரியவில்லை.

நுரை தடவினார்கள். குமிழி வரவில்லை.

பெட்ரோல் திரும்ப வந்து டிரம்மைக் கழற்றிப் போடும்வரைக்கும் அந்த ஒட்டை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. ஞானராஜ் கொஞ்ச காலம் மேஸ்திரியிடம் இருந்தான். அப்புறம் லூர்தம்மாளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு ஏதோ பட்டறை வேலைக்குப் போனவன்தான், இந்தப் பக்கம் வரவில்லை. அங்கேயே செத்துப்போனதாக அவன் சொந்தக்காரர் ஒருவர் பஸ்ஸில் சொன்னார். காளியப்பன் அவனோடு அப்புறம் பேசவே இல்லை. ரோட்டில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் ஒட்டுப் போட்ட அன்று சாயங்காலம், டிரம்மில் புதிதாக நெருப்பு வைத்த பிறகு நடந்ததுதான் அவர்கள் இருவருக்கும் நடுவில் கடைசிப் பேச்சு.

"நுரை கண்ணுக்குத்தாங்க. தல சொல்லணும். நீங்க ஏறிப் பின் சீட்டுல உக்காருங்க."

"ஏன், நீ உக்காரு. உன் ஒட்டுதானே?"

"அதனாலதாங்க வேண்டாங்கறேன். நான் போட்ட ஒட்டு, தல வலிச்சாலும் வலிக்கலன்னு சொல்லிப்புடுவேன். மேஸ்திரியும் அப்படித்தான், அவரு சொல்லிக் குடுத்தது. நீங்கதான் எம்மேல கொலவெறியில இருக்கீங்க. லேசா வலிச்சாக்கூட மறைக்க மாட்டீங்க. நான் விசிறியச் சுத்திக்கிட்டே பேச்சுக் குடுத்துக்கிட்டு இருப்பேன். பதில் வரலைன்னா இழுத்து வெளிய போட்டுடறேன். ஏறுங்க. படுதாவ நல்லா எறக்கி விட்டுக்குங்க."