என் கற்றாழை பூத்தது தனத்தின் குற்றமா?

விதவையின் கண் பட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவளே நான்தான்.

மெர்டேக்கா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சுதந்திரம் கிடைத்த வருஷம், எங்கள் ஊர் காஜா பெராங்கில் என் வேலியோரத்து ஆனைக்கற்றாழை பூத்தது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் நட்டது. இருபது வருஷம் முள்ளும் மடலுமாகக் கிடந்துவிட்டு, திடீரென்று நடுவிலிருந்து கூரையைத் தாண்டி ஒரு தண்டு விட்டு, மஞ்சளாகப் பூத்தது. தெருவே வந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தனமும் வந்தாள். புருஷனை இழந்தவள். “எம்மாம் ஒசரம்க்கா!” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சில மாதத்தில் மடலெல்லாம் வதங்கிச் சாய்ந்தது. நான் உப்பும் மிளகாயும் சுற்றி அவள் வாசலிலேயே கொட்டினேன்.

“புருஷன முழுங்குன கண்ணு செடிய விடுமா?” என்று கத்தினேன். கூடிய பெண்கள் தலையாட்டினார்கள்.

தனம் அழவில்லை. நேராக என் வேலிக்கு வந்து காய்ந்த மடல்களை விலக்கினாள்.

“நல்லா பாருக்கா. குருபோங்ல எங்கப்பா வீட்டு வேலி பூரா இதான். ஆயுசுக்கு ஒரு தடவதான் பூக்கும். பூத்தா செத்துரும். அதுக்கும் என் கண்ணா?”

அடியில் ஐந்தாறு கன்றுகள் பச்சையாக நின்றன. பூ உதிர்ந்த கிளைகளிலும் குட்டிகள் முளைத்திருந்தன. தலையாட்டியவர்கள் நழுவிவிட்டார்கள்.

மறுநாள் தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்து, பின்வாசலில் போய், “தப்பு என்மேலதான் தனம்” என்றேன்.

“கத்துனது முன்வாசல்லதானேக்கா?” என்றாள்.

முன்வாசலுக்கு நான் போகவே இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு என்மேல் இன்னும் ஆறவில்லை.